எக்சோசோம் என்று எழுதும் முன்: மிசெவ் நெறிமுறைகளை ஒரு சிறிய ஆய்வகம் எப்படிப் பின்பற்றுவது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஒரு மாணவி, தொப்புள்கொடியிலிருந்து எடுத்த மீசென்கைமல் ஸ்டெம் செல்களை (பல திசுக்களாக மாறக்கூடிய மூலச் செல்கள்) வளர்த்து, அந்த மீடியாவிலிருந்து (செல் வளரும் ஊட்டத் திரவம்) வீழ்படிவு கிட் மூலம் எக்சோசோம்களை, அதாவது செல்கள் வெளியே விடும் நுண்ணிய பைகளை, பிரித்திருக்கிறார். துகள்களின் அளவு பார்க்கும் கருவியில் 120 நானோமீட்டர் பக்கம் உச்சம் வந்திருக்கிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கிண்ண வடிவம் தெரிகிறது. புரதங்களைக் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட்டில் சிடி63 என்ற சவ்வுப் புரதம் வந்திருக்கிறது. சவ்வில் ஏறும் பிகேஎச்26 சாயம் ஏற்றி, இணைப்புத் திசுவின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களுக்குக் கொடுத்தால் உள்ளே சிவப்புப் புள்ளிகள் தெரிகின்றன, தட்டில் வளர்ந்த செல்களின் நடுவே கீறிப் பார்க்கும் கீறல் சோதனையில் இடைவெளி சீக்கிரம் மூடுகிறது. கட்டுரையைப் படித்த மதிப்பாய்வாளர், “மிசெவ் 2023 பின்பற்றப்படவில்லை. எக்சோசோம் என்ற பெயருக்கு ஆதாரம் இல்லை. மாசு காட்டும் மார்க்கர் (அடையாளப் புரதம்) இல்லை. சீரத்திலிருந்து வரும் துகள்களுக்கு ஒப்பீட்டுக் கட்டுப்பாடு இல்லை” என்று திருப்பி அனுப்பிவிட்டார். மிசெவ் என்பது இந்த நுண்பைகள் பற்றிய ஆய்வுகளில் தர வேண்டிய குறைந்தபட்சத் தகவல்களைச் சொல்லும் சர்வதேச நெறிமுறை. கல்லூரியில் மிக வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் அல்ட்ராசென்ட்ரிஃப்யூஜ் கிடையாது. இந்த நெறிமுறை கட்டாயமா, கருவி இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்கிறார்.

யாரும் சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் மதிப்பாய்வாளர் சொன்னவை எல்லாமே நியாயமானவை. பெயரை எழுத்தில் திருத்திவிடலாம். மார்க்கருக்குக் கூடுதலாகச் சில வெஸ்டர்ன் போதும். சீரம் விஷயத்துக்கு மட்டும் செல்களை மறுபடி வளர்த்தாக வேண்டும், அதில் குறுக்கு வழி இல்லை. அல்ட்ராசென்ட்ரிஃப்யூஜ் இல்லாதது ஒரு குறையே இல்லை. மிசெவ் எந்தக் கருவியையும் வாங்கச் சொல்லவில்லை. என்ன செய்தீர்கள், குழாயில் என்னென்ன இருக்கிறது, உங்கள் ஆதாரம் எதுவரை தாங்கும் என்ற மூன்றையும் மறைக்காமல் சொல்லச் சொல்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக வந்துவிடும்.

இப்படி ஒரு நெறிமுறை ஏன் தேவைப்பட்டது என்பதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். 1946இல் நியூயார்க்கில் எர்வின் சார்காஃப், ராண்டால்ஃப் வெஸ்ட் இருவரும் பிளாஸ்மாவை அதிவேகமாகச் சுழற்றினால் அது உறைய அதிக நேரம் எடுப்பதைக் கண்டார்கள். அடியில் படிந்ததில் உறைதலைத் தூண்டும் ஏதோ ஒன்று இருந்தது. 1967இல் பீட்டர் வுல்ஃப் அதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, பிளேட்லெட் தூசி என்று விவரித்தார். 1983இல் செயின்ட் லூயிஸில் ஃபிலிப் ஸ்டால் குழுவும் மான்ட்ரியாலில் ரோஸ் ஜான்ஸ்டோன் குழுவும், முதிர்ந்துவரும் சிவப்பணுக்கள் தங்கள் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பிகளைச் சின்னச் சின்னப் பைகளில் வைத்து வெளியே தள்ளுவதைத் தனித்தனியே காட்டின. செல்லுக்குள் எண்டோசோம் என்ற அறையில் உருவாகி, அந்த அறை செல்லின் வெளிச்சவ்வோடு இணையும்போது வெளியே வரும் இந்தப் பைகளுக்குத்தான் ஜான்ஸ்டோன் எக்சோசோம் என்ற பெயரைப் பயன்படுத்தினார். 1996இல் கிராசா ரபோசோவும் உடனிருந்தவர்களும் பி செல்கள் விடும் நுண்பைகள் டி செல்களைத் தூண்டும் என்று காட்டிய பிறகு நோயெதிர்ப்பியல்காரர்கள் உள்ளே வந்தார்கள்.

அதுவரை இது சில ஆய்வகங்களின் விஷயம். 2007இல் ஸ்வீடனின் கோத்தன்பர்கில் யான் லோட்வால் குழு, இந்தப் பைகளுக்குள் ஆர்என்ஏ இருக்கிறது, அது வேறொரு செல்லுக்குள் போய் வேலையும் செய்கிறது என்று வெளியிட்டதும் நிலைமை மாறிவிட்டது. புற்றுநோய், இதயம், மூளை, கர்ப்பம் என்று எல்லாத் துறைக்காரர்களும் வந்தார்கள். கூடவே கிட் விற்பவர்களும் வந்தார்கள். ஒருவர் 100,000 ஜியில் (புவியீர்ப்பைப் போல லட்சம் மடங்கு விசையில்) சுழற்றி அடியில் படிந்த பெல்லட்டை எக்சோசோம் என்றார், இன்னொருவர் கிட்டில் படிந்ததை எக்சோசோம் என்றார், மற்றொருவர் 100 நானோமீட்டர் அளவில் கருவி காட்டிய எல்லாவற்றையும் எக்சோசோம் என்றார். மூன்று குழாய்களிலும் இருந்தது வேறு வேறு. ஒரே பெயரில் வந்ததால் ஒருவர் முடிவை மற்றவர் திரும்பச் செய்து பார்க்க முடியாமல் போனது.

சர்வதேசச் செல்வெளி நுண்பைச் சங்கம் 2012 வசந்தத்தில் கோத்தன்பர்கில் முதல் கூட்டத்தை நடத்தியது. அதன் இதழில் 2014இல் சில பக்கங்களுக்குள் அடங்கும் முதல் நிலைப்பாடு வந்தது. 2018இல் பாரிஸின் க்யூரி நிறுவனத்தைச் சேர்ந்த க்ளோதில்த் தெரி, ஜான்ஸ் ஹாப்கின்ஸின் கென்னத் விட்வர் இருவரும் முன்னின்று நடத்திய பதிப்பில் 380க்கும் மேற்பட்டோர் ஆசிரியர்களாகக் கையெழுத்திட்டார்கள். மிசெவ் 2023 என்று அழைக்கப்படுவது அச்சில் வந்தது 2024 பிப்ரவரியில். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வாளர்களிடம் கருத்துக் கேட்டு எழுதப்பட்டது. 2014 பதிப்பின் தலைப்பு குறைந்தபட்சப் பரிசோதனைத் தேவைகளைப் பற்றிப் பேசியது, 2018 முதல் குறைந்தபட்சத் தகவலைப் பற்றிப் பேசுகிறது. என்னைக் கேட்டால் இந்த நகர்வுதான் முக்கியம். பட்டியலில் டிக் அடிப்பது நோக்கமல்ல, தகவலைக் கொடுப்பதே நோக்கம்.

சரி, உங்கள் கட்டுரைக்கு வருவோம்.

பெயரை முதலில் முடித்துவிடலாம். எக்சோசோம் என்று எழுதினால், அது எண்டோசோமிலிருந்து வந்தது என்று உறுதி கூறுகிறீர்கள். வெளியே வந்துவிட்ட பையைப் பார்த்து அது எங்கே பிறந்தது என்று சொல்லிவிட முடியாது. செல்லின் வெளிச்சவ்விலிருந்தே நேரடியாக மொட்டுவிட்டுப் பிரியும் எக்டோசோம்களும் 100 நானோமீட்டர் அளவில் இருக்கும். 2016இல் க்ளோதில்த் தெரியின் குழு டென்ட்ரிடிக் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களில் செய்த ஆய்வு, அதிவேகச் சுழற்சியில் கிடைக்கும் சிறிய பைகளிலேயே பல வகைகள் கலந்திருப்பதைக் காட்டியது. 2021இல் அதே குழு ஹீலா செல்களில் சிடி63, சிடி9 இரண்டின் பாதையையும் உயிருள்ள செல்லில் பின்தொடர்ந்தது. சிடி9 தாங்கிய சிறிய பைகளில் பெரும்பங்கு எக்டோசோம்களே என்று தெரிந்தது. ஆகவே 120 நானோமீட்டரும் சிடி63உம் சேர்ந்தாலும் எக்சோசோம் என்று ஆகாது. மிசெவ் 2023 தரும் வரையறை எளிமையானது: செல்லிலிருந்து வெளிவருவது, இரட்டைக் கொழுப்புச் சவ்வால் சூழப்பட்டது, தானாகப் பெருக முடியாதது. இந்த மூன்றுக்கும் பொருந்தினால் செல்வெளி நுண்பை, சுருக்கமாக ஈவி. உங்கள் தலைப்பில் “ஸ்டெம் செல் ஈவி” என்று மாற்றிவிடுங்கள். சிறியவை என்று சொல்ல விரும்பினால், 200 நானோமீட்டருக்குக் கீழ் என்று எதை வைத்து அளந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். பெயரை மாற்றுவதால் உங்கள் கண்டுபிடிப்பின் மதிப்பு ஒரு துளியும் குறையாது.

அடுத்தது சீரம். உங்கள் கட்டுரையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

செல் வளர்க்கும் மீடியாவில் 10 சதவீதம் கன்றுக்குட்டிச் சீரம் (இரத்தம் உறைந்த பின் மிஞ்சும் திரவம்) சேர்த்திருந்தீர்கள் என்றால், அந்தச் சீரத்திலேயே மாட்டின் ஈவிகள் நிறைய இருக்கின்றன. அவையும் 100 நானோமீட்டர்தான், அவையும் துகள் கருவியில் ஒளிரும், நுண்ணோக்கியில் கிண்ணம்போலத் தெரியும். அவற்றோடு மாட்டின் ஆல்புமின், லிப்போபுரோட்டீன் (கொழுப்பைச் சுமக்கும் புரதத் துகள்), வளர்ச்சிக் காரணிகளும் உண்டு. இந்த வளர்ச்சிக் காரணிகள் கீறலை மூட வைப்பதில் கெட்டிக்காரர்கள். அப்படியானால் கீறலை மூடியது ஸ்டெம் செல்லின் பைகளா, மாட்டின் புரதமா?

இதற்குப் பலரும் செய்வது, சீரத்தை 100,000 ஜிக்கு மேல் ஓர் இரவு முழுக்க, சுமார் 18 மணி நேரம், சுழற்றி மேலே நிற்பதை மட்டும் எடுப்பது. நேரம் குறைந்தால் பயன் வெகுவாகக் குறைந்துவிடும், 18 மணி நேரம் சுழற்றினாலும் முழுக்கப் போய்விடாது. நீர்க்காத சீரம் பிசுபிசுப்பானது என்பதால் மீடியாவில் கலந்து நீர்த்த பிறகு சுழற்றுவது நல்லது. ஈவி நீக்கப்பட்ட சீரம் என்று விலைக்கும் கிடைக்கிறது. ஆனால் லேபிளை நம்பி விடாமல், அதை அப்படியே துகள் கருவியில் போட்டுப் பாருங்கள். இன்னொரு வழி, செல்கள் போதிய அளவு வளர்ந்த பிறகு நன்றாகக் கழுவி, 24 அல்லது 48 மணி நேரம் சீரம் இல்லாத மீடியாவில் விட்டு அதைச் சேகரிப்பது. பட்டினி போட்ட செல் வேறு மாதிரி நடந்துகொள்ளும், சில செல்கள் சாகும், செத்த செல்லின் சிதைவுகளும் துகளாகவே எண்ணப்படும். அதனால் சேகரிக்கும் நேரத்தில் எத்தனை சதவீதம் செல்கள் உயிரோடு இருந்தன என்று, செத்த செல்லில் மட்டும் ஏறும் டிரிபான் நீலச் சாயத்தில் எண்ணி எழுத வேண்டும். ஸ்டெம் செல்காரர்கள் சிலர் கன்றுக்குட்டிச் சீரத்துக்குப் பதில் மனிதப் பிளேட்லெட் லைசேட் (பிளேட்லெட்டுகளை உடைத்தெடுத்த சாறு) போடுகிறார்கள். பிளேட்லெட்டே ஈவி விடுவதில் பேர்போனது என்பதை நினைவில் வையுங்கள். அங்கே மனிதப் புரதமே வருவதால் மாடா மனிதனா என்று பிரித்துப் பார்க்கும் வழியும் போய்விடும்.

எந்த வழியில் போனாலும் ஓர் ஒப்பீட்டுக் கட்டுப்பாட்டை மட்டும் விடாதீர்கள். செல் இல்லாத ஒரு ஃபிளாஸ்க்கை எடுத்து, அதே மீடியாவை, அதே அளவில், அதே இன்குபேட்டரில், அதே மணி நேரம் வையுங்கள். அதையும் அதே கிட்டில், அதே படிகளில் கொண்டுபோங்கள். கடைசியில் கிடைப்பதைத் துகள் கருவியிலும் போடுங்கள், சாயமும் ஏற்றுங்கள், கீறல் சோதனையிலும் அதே கன அளவில் சேருங்கள். சீரத்தின் துகள்கள், கிட்டின் எச்சம், சாயத்தின் கட்டிகள் ஆகிய மூன்றுக்கும் இந்த ஒரே ஃபிளாஸ்க் பதில் சொல்லிவிடும். ஒரே ஒரு பரிசோதனைக்குத்தான் அவகாசம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

இப்போது கிட். பெரும்பாலான வீழ்படிவு கிட்களில் இருப்பது பாலிஎத்திலீன் கிளைக்கால். அது தண்ணீரைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டு, கரைந்து நிற்க முடியாததை எல்லாம் கீழே தள்ளுகிறது. எலுமிச்சை பிழிந்து பாலைத் திரித்தால் புரதத்தோடு கொழுப்பும் சேர்ந்தே திரண்டு வருவதுபோல, ஈவியோடு புரதக் கட்டிகளும் லிப்போபுரோட்டீன்களும் சேர்ந்தே வரும், கூடவே பாலிமரும் ஒட்டிக்கொண்டிருக்கும். மிசெவ் கிட்டைத் தடை செய்யவில்லை. அளவு நிறையக் கிடைக்கும், தூய்மை குறைவாக இருக்கும் முறை என்று வகைப்படுத்துகிறது. நோயறியும் சோதனை செய்பவருக்கு அது போதுமானதாக இருக்கலாம். “இந்தப் பைகள்தான் காயத்தை ஆற்றுகின்றன” என்று சொல்ல வருபவருக்குப் போதாது.

அல்ட்ராசென்ட்ரிஃப்யூஜ் இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நினைக்க வேண்டாம். 100,000 ஜி பெல்லட்டிலும் புரதக் கட்டிகள் வரும். ரோட்டர் மாறினாலே விளைவும் மாறும், சாய்வு ரோட்டரும் ஊஞ்சல் ரோட்டரும் ஒரே ஜியில் ஒரே அளவு படிய வைப்பதில்லை. அதனால்தான் ரோட்டரின் வகை, கே காரணி (ரோட்டர் எவ்வளவு விரைவாகப் படிய வைக்கும் என்பதன் எண்), குழாயின் அளவு, வெப்பநிலை, நேரம் எல்லாவற்றையும் எழுதச் சொல்கிறார்கள். வெறுமனே ஆர்பிஎம் மட்டும் எழுதிய செய்முறையை வேறொருவர் திரும்பச் செய்யவே முடியாது.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது அளவு பிரிக்கும் குரோமட்டோகிராஃபி. இதற்கான பிரிப்புக் குழாயை விலைக்கு வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. 2014இல் ஆம்ஸ்டர்டாம் குழு ஒன்று இதற்கு வழிகாட்டியாக வெளியிட்ட கட்டுரையில், 10 மில்லி பிளாஸ்டிக் சிரிஞ்சின் முனையில் நைலான் காலுறைத் துணியை அடைத்து, மேலே செஃபரோஸ் சிஎல்-2பி என்ற துளையுள்ள மணிகளை நிரப்பித்தான் செய்தார்கள். மேலே 1.5 மில்லி மாதிரியை விட்டு, கீழே அரை அரை மில்லியாக 26 பின்னங்கள் (தனித்தனிப் பகுதிகள்) பிடித்தார்கள். பைகள் பெரும்பாலும் 9 முதல் 12 வரையான பின்னங்களில் வந்துவிட்டன, கரைந்த புரதமும் எச்டிஎல் என்ற சிறிய லிப்போபுரோட்டீனும் பின்னால்தான் வந்தன. பெரிய துகள் செஃபரோஸ் மணிகளின் துளைக்குள் நுழைய முடியாமல் சீக்கிரம் வெளியே வருகிறது, சிறிய புரதம் ஒவ்வொரு துளைக்குள்ளும் நுழைந்து தாமதமாக வருகிறது, தத்துவம் அவ்வளவுதான். உங்கள் சிரிஞ்சில் எந்தப் பின்னம் என்பதை நீங்களே ஒவ்வொரு பின்னத்திலும் துகள் எண்ணிக்கையும் புரத அளவும் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். அவர்கள் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

மீடியாவின் கன அளவு அதிகம் என்பதால் முதலில் சாதாரண சென்ட்ரிஃப்யூஜில் 300 ஜி, 2,000 ஜி, முடிந்தால் 10,000 ஜியில் செல்களையும் சிதைவுகளையும் பெரிய துகள்களையும் நீக்குங்கள். பிறகு 100 கிலோடால்டன் வடிகட்டியில் ஒரு மில்லிக்குச் சுருக்கி, பிரிப்புக் குழாயில் ஏற்றுங்கள். இதில் நீங்கள் எதிர்பார்க்காத ஒரு லாபமும் உண்டு. பின்னால் வரும் புரதப் பின்னங்களைக் கொட்டிவிடாமல் அவற்றையும் கீறல் சோதனையில் சேருங்கள். இடைவெளியை மூடும் திறன் பைகள் உள்ள பின்னத்தில் இருக்கிறதா, புரதப் பின்னத்தில் இருக்கிறதா என்று நேரடியாகத் தெரிந்துவிடும். புரதத்தில் இருந்தால் மனம் தளர வேண்டாம், அதுவும் வெளியிடத் தகுந்த முடிவுதான்.

மார்க்கர் பற்றி 2018 பதிப்பு புரதங்களை ஐந்து வகையாகப் பிரித்தது. சவ்வில் பதிந்தவை முதல் வகை, சிடி9, சிடி63, சிடி81 இதில் வரும். பைக்குள் அடைபட்ட செல்லுள் புரதங்கள் இரண்டாவது, டிஎஸ்ஜி101, அலிக்ஸ், சின்டெனின் போன்றவை. மூன்றாவது, கூடவே ஒட்டிவரும் மாசு: ஆல்புமின், அப்போ ஏ1, அப்போ பி, சிறுநீரில் என்றால் யூரோமாடுலின். நான்காவது, சிறிய பைகளில் இருக்கக் கூடாத செல் உறுப்புகளின் புரதங்கள்: கால்நெக்சின், ஜிஎம்130, சைட்டோகுரோம் சி, ஹிஸ்டோன். ஐந்தாவது, சைட்டோகைன் போலச் செல் சுரக்கும் கரையும் புரதங்கள். 2023 பதிப்பும் எல்லாச் செல்லுக்கும் பொருந்தும் ஒரே மார்க்கர் கிடையாது என்று அழுத்திச் சொல்கிறது. உங்களிடம் முதல் வகையில் ஒன்று இருக்கிறது. இரண்டாவதில் ஒன்று, மூன்றாவதில் ஆல்புமின், நான்காவதில் கால்நெக்சின் என்று மூன்று பிளாட் சேர்த்தால் போதும். செல் லைசேட்டைப் பக்கத்திலேயே அதே புரத அளவில் ஓட்டுங்கள். அப்போதுதான் டிஎஸ்ஜி101 செல்லைவிடப் பைகளில் செறிந்திருக்கிறதா, கால்நெக்சின் ஆன்டிபாடி வேலை செய்கிறதா என்பது தெரியும். ஆல்புமின் வந்தால் மறைக்காதீர்கள். வந்திருக்கிறது என்று எழுதுங்கள், மாசு காட்டும் மார்க்கர் கேட்பதே அதற்குத்தான். மீசென்கைமல் செல்லின் பைகளைச் சிகிச்சைக்குப் பயன்படுத்துவோருக்கென்று 2019இல் தனியாக ஒரு கூட்டு நிலைப்பாடும் வந்திருக்கிறது. அதில் சிடி73, சிடி90, சிடி105 போன்ற மூலச் செல்லின் அடையாளங்களையும் பார்க்கச் சொல்கிறார்கள்.

துகள் எண்ணும் கருவி ஒளிச்சிதறலைப் படம் பிடித்து, துகளின் அலைச்சலிலிருந்து அளவைக் கணக்கிடுகிறது. அது ஈவியா, லிப்போபுரோட்டீனா, புரதக் கட்டியா என்று அதற்குத் தெரியாது. ஈவிகளில் சுமார் 70 நானோமீட்டருக்குக் கீழே அதன் கண்ணுக்கு எட்டாது, அதனால் 120இல் வரும் உச்சம் ஓரளவுக்குக் கருவியின் எல்லையைக் காட்டுகிறது. கேமரா அளவு, கண்டறியும் வரம்பு, நீர்ப்பு, வெப்பநிலை, எத்தனை காணொளி என்பதையெல்லாம் எழுதுங்கள். வெறும் பிபிஎஸ்ஸையும் (உப்புத் தாங்கல் கரைசல்) ஓட்டுங்கள், அதில் எத்தனை துகள் வருகிறது என்று பார்த்தால் சில சமயம் அதிர்ச்சியாக இருக்கும். நுண்ணோக்கியில் தெரியும் கிண்ண வடிவம் பையின் இயல்பான வடிவமல்ல, உலர்த்தும்போது நடுவில் குழிந்து போகிறது, உறைநிலை நுண்ணோக்கியில் பார்த்தால் உருண்டையாகத்தான் இருக்கும். ஆகவே “இயல்பான கிண்ண வடிவம்” என்ற வரியை எடுத்துவிடுங்கள். ஒரு பை மட்டும் பெரிதாகத் தெரியும் படத்தோடு, பின்னணியின் குப்பையும் தெரியும்படி ஓர் அகலப் படத்தையும் கொடுங்கள். கணக்கிலும் ஒன்று கவனிக்க வேண்டும். கீறல் சோதனையில் வெறும் மைக்ரோகிராம் கணக்கில் கொடுத்திருந்தால், அந்தப் புரதத்தில் எத்தனை பங்கு ஆல்புமின் என்று யாருக்கும் தெரியாது. துகள் எண்ணிக்கை, புரத அளவு, எத்தனை செல்களிலிருந்து கிடைத்தது என்ற மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள்.

பிகேஎச்26 படத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இந்தச் சாயம் தனக்குள்ளேயே திரண்டு, ஈவி அளவிலேயே நானோ துகள்களாக மாறும். லிப்போபுரோட்டீன்களிலும் ஏறும். செல் அவற்றை விழுங்கினாலும் அதே சிவப்புப் புள்ளிகள்தான் தெரியும். சாயத்தை மட்டும் பிபிஎஸ்ஸில் கலந்து, அதே கழுவல்களைச் செய்து, செல்லுக்குக் கொடுத்துப் பாருங்கள். முன்னே சொன்ன செல் இல்லாத ஃபிளாஸ்க்கின் மாதிரியையும் சேர்த்தே பாருங்கள். வித்தியாசம் தெளிவாக இல்லையென்றால் அந்தப் படத்தை எடுத்துவிடுவதுதான் நேர்மை. அப்புறம், செல்லுக்குள் புள்ளி தெரிவதால் பையின் சரக்கு செல்லின் உள்திரவமான சைட்டோசாலில் இறங்கிவிட்டது என்று ஆகாது. பெரும்பாலும் அது, செல் பொருள்களைச் சிதைக்கும் லைசோசோமை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்.

இதைப் படிக்கும் பலர் செல் மீடியாவில் வேலை செய்யாமல் நோயாளிகளின் இரத்தத்தில் வேலை செய்வார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். இரத்தத்தில் சிக்கல் இன்னும் ஆழமானது. பிளாஸ்மாவில் லிப்போபுரோட்டீன் துகள்கள் ஈவிகளைவிடப் பல ஆயிரம் மடங்குக்கும் மேல் அதிகம். எச்டிஎல் 7 முதல் 12 நானோமீட்டர் அளவுதான், ஆனால் அதன் அடர்த்தி ஒரு மில்லிக்கு 1.063 முதல் 1.21 கிராம் வரை, ஈவியின் அடர்த்தியும் இந்த எல்லைக்குள்தான் வருகிறது. விஎல்டிஎல், கைலோமைக்ரான் என்ற பெரிய லிப்போபுரோட்டீன்கள் அளவில் ஈவிபோல, அடர்த்தியில் லேசானவை. அதனால் அளவை வைத்துப் பிரித்தால் எச்டிஎல் போகும், விஎல்டிஎல் நிற்கும். அடர்த்தியை வைத்துப் பிரித்தால் விஎல்டிஎல் போகும், எச்டிஎல் நிற்கும். இரண்டையும் அடுத்தடுத்துச் செய்தால்தான் ஓரளவு சுத்தமாகும். சாப்பிட்டு வந்தவரின் பிளாஸ்மாவில் கைலோமைக்ரான் கூடும் என்பதால், வெறும் வயிற்றில் எடுத்ததா என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சீரம் எடுத்தால் உறையும்போதே பிளேட்லெட்டுகள் ஈவிகளை ஏராளமாக வெளியே விடும், ஆகவே பிளாஸ்மாதான் நல்லது. அதிலும் பிளேட்லெட்டை முழுக்க நீக்காமல் மைனஸ் 80இல் வைத்தால், உருகும்போது அவை உடைந்து துண்டுகள் ஈவிகளாக வேடம் போடும். 2,500 ஜியில் 15 நிமிடம் இரண்டு முறை சுழற்றி, அதன் பிறகே உறைய வையுங்கள். எந்த உறையெதிர்ப்பான், இரத்தம் எடுத்து எத்தனை மணி நேரத்தில் சுழற்றினீர்கள், சிவப்பணு உடைந்த நிறம் இருந்ததா, மிச்சம் எத்தனை பிளேட்லெட் என்பதையெல்லாம் பதிவு செய்ய இரத்தத்துக்கென்றே 2023இல் ஒரு துணை நெறிமுறை வந்திருக்கிறது. மருத்துவமனையிலிருந்து மிச்ச மாதிரி வாங்கி வேலை செய்பவர்கள், இந்த விவரம் இல்லாத குழாய்களை எத்தனை விலையுயர்ந்த கருவியில் போட்டாலும் பயனில்லை.

ஈவிக்குள் மைக்ரோஆர்என்ஏ என்று தலைப்பு வைப்பவர்களுக்கு இரண்டு தாள்களைப் படிக்கச் சொல்வேன். 2011இல், பிளாஸ்மாவில் சுற்றும் மைக்ரோஆர்என்ஏவில் பெரும்பகுதி பைகளுக்கு வெளியே ஆர்கோனாட் 2 புரதத்தோடு இருப்பதாகக் காட்டினார்கள். 2014இல் எண்ணிப் பார்த்தபோது, நிறைய இருப்பதாகக் கருதப்பட்ட மைக்ரோஆர்என்ஏக்கள்கூடச் சராசரியாக ஒரு பைக்கு ஒரு மூலக்கூறுக்கும் குறைவாகவே இருந்தன. உள்ளே இருக்கிறதா வெளியே ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை எளிது. புரோட்டியேஸும் ஆர்என்ஏஸும் மட்டும் ஒரு குழாயில், அவற்றோடு ட்ரைட்டன் டிடர்ஜென்டும் சேர்த்து இன்னொரு குழாயில். டிடர்ஜென்ட் இல்லாமல் பிழைத்து, டிடர்ஜென்ட் சேர்த்ததும் அழிந்தால் அது சவ்வுக்குள் இருந்தது. டிடர்ஜென்ட் இல்லாமலேயே அழிந்தால் வெளியே இருந்தது.

உங்களுக்குத் திரும்ப வருகிறேன். மதிப்பாய்வாளருக்குப் பதில் எழுதும்போது வாதாடத் தேவையில்லை. பெயரை மாற்றியதைச் சொல்லுங்கள். சேர்த்த மூன்று பிளாட்டுகளையும் முழு ஜெல் படத்தோடு இணைப்பில் வையுங்கள். செல் இல்லாத ஃபிளாஸ்க்கின் முடிவையும், பிரிப்புக் குழாயில் முதலில் வந்த பின்னங்களையும் கடைசியில் வந்த பின்னங்களையும் கீறல் சோதனையில் ஒப்பிட்ட படத்தையும் முக்கியப் படமாக வையுங்கள். குறைந்தது மூன்று அளவுகளில் கொடுத்து, அளவு கூடினால் விளைவும் கூடுகிறதா என்று காட்டுங்கள். செய்முறையை பெல்ஜியத்தின் கெண்ட் (Ghent) பல்கலைக்கழகக் குழு 2017இல் தொடங்கிய ஈவி-ட்ராக் தளத்தில் பதிவு செய்து, அது தரும் அடையாள எண்ணைக் கட்டுரையில் சேருங்கள். இது இலவசம். என்னென்ன விவரம் விட்டுப்போனது என்று நமக்கே காட்டிவிடும். சேமித்து வைத்த விஷயத்திலும் உண்மையை எழுதுங்கள்: எத்தனை நாள் மைனஸ் 80இல் இருந்தது, எத்தனை முறை உருகியது என்று. வெறும் பிபிஎஸ்ஸில் வைத்தால் எண்ணிக்கை இறங்கும், ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையும் மனித ஆல்புமினும் சேர்த்தால் நன்றாகத் தாங்குகிறது என்று 2022இல் காட்டியிருக்கிறார்கள். ஆல்புமின் சேர்த்த பிறகு புரத அளவை வைத்துக் கணக்குப் போட முடியாது, அதைச் சேமிப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

முடிவுரையில் “காயம் ஆற்றும் சிகிச்சைக்கு உடனே பயன்படுத்தலாம்” என்று ஒரு வரி எழுதியிருந்தால் அதை நீக்கிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 2019 டிசம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், நெப்ராஸ்காவில் எக்சோசோம் என்று சொல்லி விற்கப்பட்ட பொருள்களைப் பெற்றவர்களுக்குக் கடும் பாதிப்பு ஏற்பட்டதாகப் பொது எச்சரிக்கை விடுத்தது. அங்கீகரிக்கப்பட்ட எக்சோசோம் மருந்து எதுவும் இல்லை என்றும் அதில் தெளிவாகச் சொன்னது. அப்படி விற்பவர்கள் விளம்பரத்தில் மேற்கோள் காட்டுவது நம்மைப் போன்றவர்களின் கட்டுரைகளைத்தான். உங்கள் ஆதாரம் காட்டுவது, ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் தட்டில் சீக்கிரம் நகர்கின்றன என்பதை. அதை அப்படியே எழுதுங்கள். முதல் வேலையாகச் செல் இல்லாத ஃபிளாஸ்க்கை இன்குபேட்டரில் வைத்துவிடுங்கள், சிரிஞ்சும் செஃபரோஸும் வருவதற்குள் அது தயாராகிவிடும்.